விதைக் கிடங்கிலிருந்து எழுந்த குரல்: அயோவாவில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: ஒமாஹாவிலிருந்து ஷெனண்டோவா

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் காலை எட்டு மணிக்கு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மிசூரி ஆற்றைத் தாண்டியதும் அயோவா தொடங்கிவிடுகிறது. ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, இரண்டாம் எண் மாநிலச் சாலையில் கிழக்கே திரும்பினால், சிட்னி என்ற சிற்றூரைக் கடந்து ஷெனண்டோவாவுக்கு வந்துவிடலாம். மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வசிக்கும் அந்த ஊரில் நூறு ஆண்டுகளுக்கு முன் விதை வியாபாரிகள் இருவர் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வானொலி நிலையம் நடத்தினார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் ஒலிபரப்புத் துறையில் பொறியாளனாக வேலை பார்த்த எனக்கு, ஒலிபரப்பு என்றாலே தலைநகரம், அரசு, பெருமுதலாளி என்றுதான் பழக்கம். வயற்காட்டு நடுவே ஒரு விதைக் கிடங்கிலிருந்து பேசிய மனிதரைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, அந்த இடத்தை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் பெயர் ஹென்றி ஃபீல்டு. 1871இல் பிறந்து 1949இல் இறந்தவர். இந்தப் பயணம் பெரும்பாலும் அவர் வாழ்க்கையைத் தேடித்தான்.

ஆற்றுச் சமவெளி முடியும் இடத்தில் சாலை திடீரென்று மேலேறியது. வழவழப்பான வளைவுகளோடு வரிசையாக நிற்கும் அந்தக் குன்றுகளில் பாறை என்பதே கண்ணில் படவில்லை. பனியுகத்தின் முடிவில் ஆற்றுப் படுகையின் நுண்மண்ணைக் காற்று வாரி வந்து குவித்ததால் உண்டான மேடுகள் அவை. இந்த வகை மண் இத்தனை உயரத்துக்குப் படிந்திருக்கும் இடம் இதைவிட்டால் சீனாவில்தான் உண்டு என்பார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, சாலைக்காக வெட்டிய சரிவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். சலித்த மாவு போல விரல் இடுக்கில் வழிந்தது. கையில் ஒரு கல்கூடத் தங்கவில்லை.

காரின் வானொலியை 960 கிலோஹெர்ட்ஸில் வைத்தேன். சோளம், சோயா, கால்நடை ஆகியவற்றின் சந்தை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ஃபீல்டின் போட்டியாளர் தொடங்கிய கே.எம்.ஏ. நிலையம். 1925இல் தொடங்கியது இன்றும் அதே பெயரில் பேசிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள்: ஷெனண்டோவா

ஊரின் முக்கிய வீதியான ஷெரிடன் அவென்யூவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தே பார்த்துவிடலாம். இருபுறமும் செங்கல் கட்டடங்கள் நிற்கின்றன. நடைபாதையில் அயோவாவின் புகழ்பெற்ற மனிதர்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எவர்லி சகோதரர்கள் சிறுவர்களாகத் தம் பெற்றோருடன் 1940களில் இந்த ஊர் வானொலியில்தான் பாடினார்கள். அவர்கள் வாழ்ந்த சிறு வீட்டை இன்று ஊர் நடுவில் கொண்டுவந்து வைத்துக் காக்கிறார்கள். வந்த காரியம் அது அல்ல என்பதால் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருந்த எண்பது வயதைக் கடந்த அம்மையார், நான் ஹென்றி ஃபீல்டு என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பழைய விதைப் பட்டியல் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தாள் பழுப்பேறி, ஓரங்கள் உதிரத் தொடங்கியிருந்தன. காரட், தக்காளி, ஸ்வீட் கார்ன் என்று படங்களும் விலைகளும் வரிசையாக இருந்தாலும், என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் நடைதான். வியாபார விளம்பரம் போல இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் கை வைத்து நின்று பேசுவது போல எழுதியிருந்தது. இந்த ரகம் போன ஆண்டு எங்களுக்கு எப்படி விளைந்தது, எதில் ஏமாந்தோம், எதைத் தைரியமாக வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போகிறது. வானொலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மனிதருக்கு ஒரு குரல் இருந்திருக்கிறது. அலைவரிசைதான் பிறகு கிடைத்தது.

அவர் இந்த வட்டாரத்துப் பண்ணையில் பிறந்தவர். சிறு வயதிலேயே விதை விற்கத் தொடங்கியவர். வீடு வீடாகப் போய் விற்றதை மெல்ல மெல்லப் பெருக்கி, 1907இல் நிறுவனமாக்கினார். அஞ்சல் வழியாக விதை அனுப்புவதுதான் தொழில். வாடிக்கையாளர் யாரும் கடைக்கு வரப்போவதில்லை. காகிதத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தால் அடுத்த ஆண்டு ஒரு கடிதமும் வராது. இதை நாற்பது ஆண்டுகள் அனுபவத்தில் அறிந்த பிறகுதான், 1924 பிப்ரவரி 22 அன்று, தம் ஐம்பத்திரண்டாம் வயதில் கே.எஃப்.என்.எஃப். நிலையத்தைத் தொடங்கினார். நட்போடு இருங்கள், முகம் சுளிக்காதீர்கள் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளாக அந்தப் பெயரை விளக்குவார்கள்.

விதைக் கிடங்கிலேயே ஒலிபரப்புக் கூடம் அமைந்தது. மூட்டை கட்டுபவர்களும் கணக்கு எழுதுபவர்களும் மைக் முன்னால் வந்து பாடினார்கள். ஊர்ப் பிடில்காரர்கள் வாசித்தார்கள். மதியத்தில் ஃபீல்டு தாமே அமர்ந்து, வந்த கடிதங்களைப் பற்றியும் மழையைப் பற்றியும் விதைப்பைப் பற்றியும் தம் வட்டாரப் பேச்சில் பேசினார். நகரத்து நிலையங்கள் மெருகேற்றிய இசை நிகழ்ச்சிகளுக்காக அரும்பாடுபட்ட காலம் அது. தனிமையான பண்ணை வீட்டில், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கிடங்குக் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை, அந்த அம்மையார் பட்டியலைப் புரட்டிய விதத்திலேயே என்னால் உணர முடிந்தது.

விரைவில் அவர் வானொலி வழியாக விதை மட்டுமல்லாமல் டயர், பெயின்ட், துணி என்று பலவற்றையும் விலை சொல்லி விற்றார். அப்படி நேரடியாக விலை கூறி விற்பதைக் கௌரவக் குறைவாகப் பலர் கருதிய காலம் அது. சுற்று வட்டாரச் சிறு கடைக்காரர்கள், தங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார் என்று கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஒரு மனிதரின் நட்பான குரல் பல கடைத் தெருக்களின் வியாபாரத்தை இழுத்துக்கொள்ள முடியும் என்பது அதற்கு முன் யாரும் கண்டிராத ஒன்று.

1932இல் அமெரிக்க செனட் தேர்தலுக்கும் நின்றார். பதவியிலிருந்த ஸ்மித் புரூக்ஹார்ட்டைக் குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்கடித்தார். நவம்பரில் ரூஸ்வெல்ட் அலை வீசியது. ஜனநாயகக் கட்சியின் லூயிஸ் மர்ஃபியிடம் தோற்றுப்போனார். அந்தப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்திலேயே தொழிலும் சரிந்தது, தாம் கட்டியெழுப்பிய நிறுவனத்தின் பிடி அவர் கையைவிட்டு நழுவியது. அறுபதைக் கடந்த வயதில் வந்த அடி அது. அதற்குப் பிறகும் அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

"அவர் சொன்ன விதை முளைக்கும் என்று என் பாட்டி சொல்வார். அந்த ஒரு சொல் போதும், இல்லையா?" என்றார் அம்மையார்.

மாலையில் ஃபீல்டின் போட்டியாளரான ஏர்ல் மே தொடங்கிய நிறுவனத்தின் தோட்டக் கடைக்குப் போய், இந்த ஆண்டுக்காகக் கட்டிய முள்ளங்கி விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். அறையில் கைக்குட்டையை நனைத்து, அதில் பத்து விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒரு மூடியுள்ள டம்ளரில் போட்டுவைத்தேன். என் அப்பா விதைப்புக்கு முன் சாக்குத் துண்டில் செய்து பார்த்ததைத்தான் நானும் செய்தேன்.

மூன்றாம் நாள்: கிளாரிண்டா

கிழக்கே முப்பது கிலோமீட்டரில் கிளாரிண்டா. இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர் 1904இல் பிறந்த ஊர் என்பதால் பயணிகள் வருகிறார்கள். நான் வந்தது ஃபீல்டின் தங்கைக்காக. இந்தக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, அண்ணனைவிடத் தங்கைகள் மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

ஜெஸ்ஸி ஃபீல்டு ஷாம்பா இந்த மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். பண்ணைப் பிள்ளைகளுக்குச் சோள விதையைத் தேர்ந்தெடுக்கவும் மண்ணைப் படிக்கவும் பள்ளியிலேயே சங்கம் அமைத்துக் கற்றுக்கொடுத்தார். இன்று உலகம் முழுவதும் அறியப்பட்ட ஃபோர் எச் இளையோர் இயக்கத்தின் தாய் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலை வடிவப் பதக்கமே பிற்காலத்து நாலிலைச் சின்னத்துக்கு முன்னோடி. அவர் பாடம் நடத்திய கோல்டன்ராட் பள்ளியின் சிறு மரக் கட்டடத்தை இங்கே அருங்காட்சியக வளாகத்தில் காத்துவைத்திருக்கிறார்கள். ஒரே அறை. விதைச் சோளத்தை முளைக்கவைத்துப் பார்ப்பதைக் கணக்கும் எழுத்தும் போல ஒரு பாடமாக்கியவரின் அறை என்பதால், பெஞ்சில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

இன்னொரு தங்கை லியானா டிரிஃப்ட்மையர். அவரும் ஷெனண்டோவாவில் வாழ்ந்தவர். அண்ணனின் நிலையத்தில் பெண்களுக்கான நிகழ்ச்சியைத் தொடங்கியவர் மூத்த சகோதரி ஹெலன் ஃபீல்டு ஃபிஷர். ஹெலன் தோட்டக்கலைப் பேச்சுக்குப் போய்விட, 1926இல் லியானா அந்த மைக்கைக் கையில் எடுத்தார். கிச்சன் கிளாட்டர் என்று பெயர் பெற்ற அந்த நிகழ்ச்சி, பின்னர் மகளின் குரலிலும் தொடர்ந்து, 1980கள் வரை அறுபது ஆண்டு அளவுக்கு ஓடியது. அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்காக இவ்வளவு நீண்ட காலம் நடந்த நிகழ்ச்சி வேறொன்று இல்லை என்கிறார்கள். 1930இல் நடந்த கார் விபத்தில் அவர் முதுகெலும்பு முறிந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. அவர் நிகழ்ச்சியை விடவில்லை. மைக் அவர் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகளின் படிப்பு, ஊறுகாய் பக்குவம், பக்கத்து வீட்டுத் துக்கம் என்று தம் வீட்டுக்குள் இருந்தபடியே பேசினார். கேட்டவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் குழந்தைகள் தம் வீட்டுக் குழந்தைகள் போல ஆனார்கள். தொண்ணூறு வயதை ஒட்டி, 1976இல் மறைந்தார்.

ஒலிபரப்புக் கூடத்தின் சுவரை எத்தனை அங்குலத் தடிமனில் எழுப்பினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று கணக்குப் போடுவதில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. அந்தப் பெண்மணியின் நிகழ்ச்சியிலோ வீட்டின் நடமாட்டமே உயிராக இருந்திருக்கிறது.

நான்காம் நாள்: ஷெனண்டோவா, ஊருக்கு வெளியே

இன்று ஏர்ல் மேயின் பக்கம். நெப்ராஸ்காவிலிருந்து வந்து, இந்த ஊர் நாற்றுப் பண்ணை முதலாளியின் மகளை மணந்து, 1919இல் சொந்த விதை நிறுவனம் தொடங்கியவர். ஃபீல்டின் நிலையம் கடிதங்களைக் குவிப்பதைக் கண்ட அவர், முதலில் ஒமாஹா நிலையத்தில் நிகழ்ச்சி நடத்திப் பார்த்துவிட்டு, 1925 ஆகஸ்டில் கே.எம்.ஏ.வைத் தொடங்கினார். மறு ஆண்டே ஒரு வானொலி இதழ் நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்காவின் மிகவும் விரும்பப்படும் அறிவிப்பாளராகத் தேர்வானார். 1927இல் அவர் கட்டிய மேஃபேர் அரங்கில், மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே கனத்த கண்ணாடித் திரை இருந்தது. கூட்டத்தின் சத்தம் மைக்குக்கு எட்டாமல், பாடுபவர்களைக் கண்ணாரக் காணலாம். குரலாக மட்டுமே தெரிந்தவர்களை முகத்தோடு பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் பண்ணைகளிலிருந்து வந்திருக்கிறார்கள். அரங்கு 1960களில் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் புகைப்படத்தைத்தான் பார்க்க முடிந்தது.

ஏர்ல் மே ஐம்பத்தெட்டு வயதில், 1946இல் காலமானார். போட்டியாளரான மூத்தவர் ஃபீல்டு அவரைவிட மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார். மேயின் குடும்ப நிறுவனம் 1949இல் ஒமாஹாவில் கே.எம்.டி.வி. தொலைக்காட்சியைத் தொடங்கியது. சிற்றூர் விதைக்கடை ஒரு மாநகரத்துக்குத் தொலைக்காட்சி கொடுத்த கதை வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மதியத்துக்கு மேல் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்க்கப் போனேன். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது. பக்கத்து வயலில் ஒரே வீச்சில் பல வரிசைகளை விதைக்கும் பெரிய இயந்திரம் போய்க்கொண்டிருந்தது. மே மாதத் தொடக்கம், சோள விதைப்புக் காலம்.

மத்திய அலை ஒலிபரப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழன்ற எனக்கு இங்கே ஒன்று பிடிபட்டது. மத்திய அலை பகலில் தரையைத் தழுவித்தான் போகிறது. அதனால் கோபுரத்தின் உயரமும் மின்திறனும் எவ்வளவு முக்கியமோ, மண்ணின் மின்கடத்தும் தன்மையும் அவ்வளவு முக்கியம். கோபுரத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிகளைச் சக்கர ஆரங்கள் போல மண்ணுக்குள் புதைப்போம். வழக்கமாக 120 கம்பிகள். 960 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 312 மீட்டர் என்பதால், ஒவ்வொரு கம்பியும் அதில் கால் பங்கு, அதாவது 78 மீட்டர் நீளம் வரும். அந்தக் கம்பிகளுக்கு அப்பால் அலையைச் சுமந்து செல்ல வேண்டியது நிலம். பாறையும் மணலுமான கிழக்குக் கடற்கரை நிலங்களைவிட, ஈரம் பிடித்துவைக்கும் இந்தச் சமவெளியின் ஆழமான கரிய மண் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஐயாயிரம் வாட் நிலையம் ஒன்று, வேறிடத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொலைவுக்கு இங்கே தெளிவாகக் கேட்கும். விதையை முளைக்கவைத்த அதே ஈரமும் அதே கருமையும்தான் விதை விற்றவரின் குரலையும் மாநிலம் தாண்டிக் கொண்டுபோயிருக்கின்றன. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. வேலியோரத்தில் குனிந்து மண்ணைத் தொட்டபோதுதான் புரிந்தது. மகிழ்ச்சியில் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

டம்ளரைத் திறந்து பார்க்கவில்லை. கைக்குட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டேன்.

ஐந்தாம் நாள்: மஸ்கட்டீன்

அதிகாலையில் கிளம்பி, மாநிலத்தின் மறுகோடிக்கு, மிசிசிப்பி ஆற்றங்கரைக்குப் பயணம். நானூறு கிலோமீட்டருக்கு மேல். 960ஐ மாற்றாமல் ஓட்டினேன். இரண்டு மணி நேரம் வரை குரல் தெளிவாகவே வந்தது. டெ மாய்ன் நகரத்தைத் தாண்டிய பிறகு இரைச்சல் மெல்லத் தலைகாட்டி, ஒரு பாலத்துக்கு அடியில் அறிவிப்பாளர் பன்றி விலையைப் பாதி சொல்லும்போதே மறைந்துபோனார்.

மஸ்கட்டீனுக்கு வந்ததன் காரணம் நார்மன் பேக்கர். அதே 1925ஆம் ஆண்டு, அதே மாநிலத்தில், அதே போன்ற ஒரு சிற்றூரில் கே.டி.என்.டி. என்ற நிலையத்தைத் தொடங்கியவர். ஃபீல்டைப் போலவே எளிய பேச்சு, நேரடி விற்பனை, பெருநகர முதலாளிகளுக்கு எதிரான வீராவேசம். ஆனால் அவர் விற்றது புற்றுநோய்க்கு மருந்து. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் வேண்டாம், என்னிடம் வாருங்கள் என்று மைக்கில் அழைத்தார், மருத்துவமனையும் திறந்தார். மாடுகளுக்கான காசநோய்ப் பரிசோதனையை எதிர்த்து விவசாயிகளை அவர் தூண்டிவிட்ட காலத்தில்தான், 1931இல், அயோவா ஆளுநர் துருப்புகளையே அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அதே ஆண்டு அவருடைய ஒலிபரப்பு உரிமம் பறிபோனது. பின்னர் மெக்சிகோ எல்லைக்குப் போய் அங்கிருந்து ஒலிபரப்பினார். ஆர்க்கன்சாவில் மீண்டும் மருத்துவமனை வைத்தார். அஞ்சல் மோசடிக்காக 1940களின் தொடக்கத்தில் சிறையில் இருந்தார்.

விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்பது நம் பழமொழி. விதை விற்றவரை அடுத்த பருவமே சோதித்துவிடும். முளைக்காத விதைக்காக வீட்டு வாசலில் வந்து நிற்க உரிமை உள்ளவர்கள் அவரைச் சுற்றிலும் வாழ்ந்தார்கள். பேக்கரின் வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் திரும்பி வந்து கேள்வி கேட்க உயிரோடு இருக்கவில்லை. ஒரே மைக், ஒரே தோரணை. ஆனால் ஃபீல்டின் நீண்ட வாழ்வை நான் மதிப்பதும் பேக்கரை நினைத்தால் நெஞ்சு கொதிப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

மாலையில் ஆற்றங்கரையில் நடந்தேன். ஒரு காலத்தில் முத்துச்சிப்பிப் பொத்தான்களுக்குப் பேர்போன ஊர் இது. கரைச் சேற்றில் ஒரு பழைய சிப்பி கிடைத்தது. ஓட்டில் நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக ஐந்து துளைகள். பொத்தான்களை வெட்டியெடுத்துவிட்டு, மிஞ்சியதை வீசியிருக்கிறார்கள். உட்புறம் இன்னும் மின்னியது.

அறைக்குத் திரும்பி டம்ளரைத் திறந்தேன். கைக்குட்டையை மெல்ல விரித்தபோது, முள்ளங்கியின் வாசனை லேசாக வந்தது. ஒன்பது விதைகளிலிருந்து வெள்ளை வேர்கள் நீண்டிருந்தன. அவற்றில் நூல் போன்ற மெல்லிய முடிகள். பத்தாவது தோல் வெடித்து, உள்ளே ஒரு வெண்புள்ளி தெரிய நின்றது. கைக்குட்டையை மறுபடி நனைத்துச் சுருட்டிவைத்தேன்.